யூட் அண்ணைக்கு ஜப்பானில் ஒரு அறை

யூட் அண்ணை இன்று காலை காலமானார். அவருடைய மனைவி கிளாரா அக்கா சற்றுமுன் தொலைபேசியில் சொன்னார்.

மொன்ட்ரியால் ரொக்ஸ்பரோவில் அவர்களுடைய வீட்டில், நித்திரையிலேயே. காரணத்தை டொக்டர் இன்னும் சொல்லவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை.

இங்கே வாசிக்கும் பலருக்கு அவருடைய முகம் தெரியாது. கைவேலை தெரிந்திருக்கும். நாங்கள் சேர்ந்து வேலை செய்த தமிழ் வாரப் பத்திரிகையில் நான் செய்தி எழுதினேன். அவர் படம் எடுத்தார், பக்கம் போட்டார். கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல்கள் எல்லாம் அவர் டைப் செய்தவை.

வரும் பெப்ரவரியில் அவர், கிளாரா அக்கா, நான், மூவரும் ஜப்பான் போவதாக இருந்தது. ஸ்கீ பண்ண, பனிமலையில் சறுக்க.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம்... எங்களைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அவர் ஸ்கீ பழகியதே பத்திரிகையால்தான். தமிழ்ப் பிள்ளைகளை லோரன்ஷியன் மலைக்குக் கூட்டிப்போன ஒரு நாள், படம் எடுக்கப் போனவர் தானும் பின்னால் இறங்கப் பார்த்து விழுந்தார். அந்த வாரம் வந்த படத்தில் ஒரு பிள்ளையின் சப்பாத்தும் நிறைய வானமும் இருந்தன.

"என்ன ஐசே இது?" என்றார் ஆசிரியர்.

"வானம், ஐயா. நல்ல ஃபோகஸ்."

அதன் பிறகு ஒரு குளிர்காலமும் அவர் மலைக்குப் போகாமல் விட்டதில்லை.

பத்திரிகை நின்றதும் மொன்ட்ரியால்-நோரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். "வேலை முடிஞ்சாலும் மெஷின் காதுக்குள்ள ஓடுது தம்பி" என்பார். மலைக்குப் போனால் அங்கேயும் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள் என்பது அவருடைய பெரிய குறை.

அப்படித் தேடித்தான் ஜப்பானில் அந்தச் சின்ன மலையூரைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு லிஃப்ட். பாட்டு இல்லை. வயதான ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் விடுதி. பக்கத்தில் வெந்நீர் ஊற்று.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் செயின்ட்-மிஷேலுக்கு வருவார்கள். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்னப் பலசரக்குக் கடையில், இங்கத்தைய பேச்சில் டெப்பனரில், கோப்பியோடு நின்று திட்டம் போடுவோம். கடைக்காரத் தம்பி சும்மா இருக்கமாட்டார்.

"சனம் குளிருக்குத் தப்பிக் கியூபாவுக்கு ஓடுது. நீங்கள் பிளேன் ஏறிப் போய்க் குளிரப் போறியளோ அண்ணை?"

"இது இரைச்சல் குளிரடாப்பா. அது ஆறுதலான குளிர்."

கிளாரா அக்காவுக்கு ஸ்கீ தெரியாது. "நான் சுடுதண்ணிக்குள்ள இருப்பன். இவர் காலை முறிச்சுக்கொண்டு வந்தா மட்டும் எழும்பிப் பாப்பன்" என்றார்.

பேந்துதான் அந்தக் கூத்து நடந்தது.

விடுதிக்காரர், வருகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். என்ன சாப்பிடுவார்கள், எவ்வளவு சறுக்கத் தெரியும் என்று. யூட் அண்ணை தமிழில் எழுதி, ஃபோனிலேயே ஜப்பானிய மொழிக்கு மாற்றி அனுப்பிவிட்டார். அவர் எழுதியது இது:

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், மொன்ட்ரியாலை வதிவிடமாகவும் கொண்ட யூட். அன்னார் கிளாராவின் அன்புக் கணவரும், ஷரோனின் பாசமிகு தந்தையும், மீன் விரும்பி உண்பவரும், நடுத்தர மலைகளில் சறுக்கக் கூடியவரும் ஆவார். இவ்வறிவித்தலை விடுதியார் ஏற்றுக்கொள்ளவும்."

பகிடிக்கு எழுதியதில்லை. இத்தனை வருடப் பழக்கம்... ஒரு மனிதரைப் பற்றி எழுத அவருடைய கைக்கு வேறு விதம் தெரியாது.

விடுதியிலிருந்து பதில் வந்தது. தங்கள் துயரில் பங்கு கொள்கிறோம், அவருடைய இடத்தில் வேறு யாரும் வருகிறார்களா என்று.

டெப்பனரில் நின்று அதை வாசித்தபோது கிளாரா அக்கா கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். "உயிரோட நிண்டுகொண்டு தனக்குத் தானே அறிவித்தல் போட்டிருக்கிறார் மனுசன்!"

"காலமானார் எண்டு நான் எங்கேயும் போடேல்லையே!"

"அன்னார் எண்டு போட்டா ஆள் முடிஞ்சுது தானே!"

நான் திருத்தம் எழுதி அனுப்பினேன். விடுதிக்காரர் பல தடவை மன்னிப்புக் கேட்டிருந்தார். தமிழுக்கு மாற்றியபோது கடைசி வரி இப்படி வந்தது: "உயிருடன் இருப்பதற்கு மிக்க நன்றி."

கடைக்காரத் தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு எந்த ஞாயிறும் யூட் அண்ணை கதவைத் திறந்தால் வணக்கம் சொல்லமாட்டார். "உயிருடன் இருப்பதற்கு மிக்க நன்றி அண்ணை" என்பார்.

போன ஞாயிறும் சொன்னார்.

இன்று கிளாரா அக்கா கேட்டார். "தம்பி, அறிவித்தல் போடவேணும். அவர் எழுதினது உங்களிட்டை இருக்கு தானே... அதையே போடுவமோ?"

"மீன், சறுக்கல் எல்லாம் கிடக்குது அக்கா."

"கிடக்கட்டும். ஒண்டையும் வெட்டாதேங்கோ."

ஒன்றையும் வெட்டவில்லை. விடுதியார் என்று இருந்த இடத்தில் உற்றார், உறவினர், நண்பர்கள் என்று மாற்றினேன். காலமானார் என்று சேர்த்தேன். எழுத்துப்பிழை இருக்கவில்லை. அவர் டைப் செய்ததில் ஒருநாளும் இருந்ததில்லை.

விடுதிக்கும் எழுதியாயிற்று. இந்த முறை தவறில்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

போயிட்டு வாங்கோ அண்ணை.

மகள் ஷரோன் வன்கூவரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். திருப்பலி எந்தத் தேவாலயத்தில், எத்தனை மணிக்கு என்பது வியாழன் மாலைக்குள் தெரியும். தெரிந்ததும் இங்கே போடுகிறேன். ஜப்பானில் இப்போது இரவு, விடுதியின் பதில் நாளை வரும். அறையை விடுவதா என்று கிளாரா அக்காவிடம் கேட்டேன். அடக்கம் முடியட்டும், பேந்து சொல்லுறன் என்றார். அதுவரை அறை அவர்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது.