எழுதாமல் விட்ட நாலடி

பின்கட்டிலிருந்து மோட்டார் அலறியது. தண்ணீர் ஏறும் சத்தம் அல்ல, காற்றை உறிஞ்சும் வறட்டுச் சத்தம்.

“அண்ணி, நிறுத்திடவா? தண்ணியோட சேர்ந்து மோட்டாரும் போயிடப் போகுது!” என்று உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினாள்.

“நிறுத்து,” என்றாள் டேப் அக்கா. மேசைமேல் கிடந்த தாள்களை விட்டு அவள் கண் நகரவில்லை.

தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். நீர்வள அலுவலகத்துக்காகப் பதினோரு வருடமாகக் கிணறு அளப்பவள். இரும்பு டேப்பின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்குவாள். நனைந்த இடத்தைப் பார்த்து ஆழத்தைக் குறித்துக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “உன் பொண்டாட்டி அளவெடுத்துட்டு வர்றா, கிணத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்று தையற்காரக் கணவனைக் கேலி செய்யாத ஆளில்லை.

எதிரே, ஊருக்கு வெளியே தோண்டும் சுரங்கத்தால் கிணறுகளுக்கு வந்த பாதிப்பை மதிப்பிட வந்த இளம் பொறியாளர் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி நீங்க எடுத்த அளவு முப்பத்தோரு அடி. போன வாரம் நாங்க எடுத்ததும் முப்பத்தொண்ணுதான். மத்த கிணறும் இப்படித்தான். மாற்றம் இல்லன்னு அறிக்கை போகுது. அத வெச்சு சுரங்கத்த இன்னும் ஆழமா தோண்ட அனுமதி கொடுத்துடுவாங்க. பழைய அளவு உங்களோடதுதான்னு ஒரு கையெழுத்து போடணும்.”

“தம்பி, நான் அளந்தது கிணத்துச் சுவர் மேலேருந்து. நீங்க அளந்தது தரையிலேருந்து. நடுவுல நாலடிச் சுவர் இருந்துச்சே! நாலடி தண்ணி இறங்கியிருக்கு, தம்பி!”

அவர் பழைய தாளைத் திருப்பிக் காட்டினார். ‘சுவரின் உயரம்’ என்ற கட்டத்தில், முப்பத்தெட்டு கிணற்றுக்கும் வெறும் கோடு.

அவள் போட்ட கோடுதான். எல்லாச் சுவரும் ஒரே கொத்தனார் கட்டியது, ஒரே உயரம். தெரிந்த சங்கதியை எதற்கு முப்பத்தெட்டு தடவை எழுதுவது என்று அன்று கை சோம்பியது. அந்தச் சுவர்களையும் போன வருடம் சுரங்கக்காரர்கள் இடித்து, குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று தரையோடு சிமெண்டு மூடி போட்டுக் கொடுத்தார்கள். தெருவே கை தட்டியது. அவளும் தட்டினாள், பாவி!

“ஊரே சாட்சி சொல்லும்!”

“வாய்ச்சொல் செல்லாதுக்கா. போட்டோ இருக்கா?”

சுவர்ப் பேச்சு எழுந்ததுமே போட்டோப் பெட்டியைக் கிளற உட்கார்ந்துவிட்ட கணவன் நிமிர்ந்தான். “பல்லக் காட்டிட்டு நிக்கிற போட்டோ நூறு இருக்கு சார். கிணத்த எவன் எடுத்தான்?”

“இப்ப நாலடின்னு எழுதிடட்டுமா, தம்பி?”

“திருத்தினீங்கன்னு உங்க வேலை போயிடும். அளவும் செல்லாது.”

“கையெழுத்தே போடலன்னா?”

“பழைய அளவையே அடிச்சிடுவாங்க. அப்புறம் ஒப்பிட ஒண்ணுமே இருக்காது.” அவர் குரல் தாழ்ந்தது. “நீங்க சொல்றத நான் நம்புறேன்கா. ஆனா என் நம்பிக்கைய எழுத இதுல கட்டம் இல்ல.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை எடுத்தாள். பெற்ற பிள்ளையை யாரிடமோ எழுதிக் கொடுப்பவள் போலக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, சுவர்களின் கதையை ஒன்று விடாமல் எழுதி நீட்டினாள். “இதையும் சேர்த்துடுங்க, தம்பி. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“ஐயோ, என்னக்கா இது!” என்று பதறி வாங்கிக்கொண்டார். கையெழுத்துத் தாள் கோப்புக்குள் போனது. வெள்ளைத்தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவள் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார்.

“வர்றேன்கா,” என்றார், முகத்தை நிமிர்த்தாமல்.

செருப்புச் சத்தம் படியிறங்கிய பிறகு, கணவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.