கொய்யாவுக்கு மாற்றல் உத்தரவு

வாயில் பிரஷ், கையில் களைக்கொத்து. பல் துலக்கிக்கொண்டே பூப்பாத்தியைச் சுற்றி வருவதுதான் அந்த அம்மாளின் காலைக் கடன். பாதி துலக்கும்போதே பார்வை ஏதாவது ஒரு செடியில் போய் நின்றுவிடும். அன்று அகப்பட்டது ஒரு செவ்வந்தி. சன்னலுக்குக் கீழே இருந்து மதிலோரத்துக்கு அது வந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மதிலோரம் அதற்குப் பிடிக்கவில்லை என்பது அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் நிறைய நுரையோடு குந்தி உட்கார்ந்து, செடியைச் சுற்றி நாலு குத்து குத்தி, மண்ணோடு பெயர்த்து எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். வாய் கொப்பளித்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இத்தனைக்கும் அவருக்கு வேலை பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில். அங்கேயும் கை சும்மா இருக்காது. வந்து உட்கார்ந்தவரை உட்கார்ந்தபடி விட்டுவைக்க அவரால் முடியாது. "ஃபேனுக்கு நேரா உக்காராதீங்க, பல்லு கூசும். இப்படி இந்தப் பக்கம் வாங்க. தம்பி, நீ எழுந்து அந்தச் சேருக்குப் போ." டாக்டர் கதவைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பவர்கள் வேறு வேறு நாற்காலியில் இருப்பார்கள். வலியோடு வந்தவர்கள் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

வீட்டில் ரோஜா கிழக்கே போகும், மேற்கே வரும். ஒரு குரோட்டன்ஸ் வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத் தன் பழைய குழிக்கே திரும்பியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? அதுக்கு இங்க ஒத்துக்கல" என்பார். செடியின் மூஞ்சி எது என்று அவருக்குத்தான் வெளிச்சம். கணவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆபீசர். "ஆபீசரம்மா, இன்னிக்கு யாருக்கு டிரான்ஸ்பர்?" என்று கேட்டுக்கொண்டேதான் காப்பிக்கு வந்து உட்காருவார்.

கேலி செய்தாலும் காரணம் அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் வாடகை வீட்டு வாழ்க்கை. வீட்டுக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வருகிறான், கூரையைப் பழுது பார்க்கவேண்டும், அல்லது காரணமே சொல்லாமல் 'வேற இடம் பாத்துக்குங்க'. பீரோவும் கட்டிலும் லாரி ஏறும்போது அம்மாளின் பூந்தொட்டிகளும் கூடவே ஏறும். தரையில் நட்டால் செடி வீட்டுக்காரருக்குப் போய்விடும் என்ற பயத்தில் எல்லாமே தொட்டி, வாளி, உடைந்த தண்ணீர்ப் பானை. அப்படியே பழகிய கை, சொந்த வீடு வந்த பிறகும் அடங்கவில்லை.

"நம்மள இனிமே யாரும் காலி பண்ணச் சொல்லப் போறதில்ல. அதுங்களையாவது நிம்மதியா இருக்க விடேன்" என்பார் கணவர்.

"நான் என்ன வீட்ட விட்டா தொரத்தறேன்? ரூம்தானே மாத்திக் குடுக்கறேன்."

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வேலையில் எழுத்துப் பிழைகளைக் களைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து புல்தரையில் களை எடுப்பார். முழங்காலுக்குக் கீழே பழைய தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மூக்கு மண்ணில் உரசும் அளவுக்குக் குனிந்து தேடுவார். ஞாயிறு தவறாமல் புல் வெட்டும் மெஷின் ஓட்டுவார். அந்தப் புல்லின் மேல் நடக்க யாருக்கும் அனுமதி இல்லை, கட்டிய மனைவி உட்பட. புல்தரைக்கும் பாத்திக்கும் நடுவே ஒரு செங்கல் வரிசை உண்டு. அந்தப் பக்கம் அவர் ராஜ்யம், இந்தப் பக்கம் இவர் ராஜ்யம். எல்லைத் தகராறு எதுவும் இல்லாமல் சம்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாளின் ராஜ்யத்தில் மாற்றலே கிடையாது என்று எழுதாத உத்தரவு பெற்றவன் ஒருவன் மட்டும்தான். குளியலறைக்குப் பின்னால் நின்ற கொய்யா. கடைசி வாடகை வீட்டில் பெயின்ட் வாளியில் முளைத்தவன். இந்த வீட்டுக்கு வந்த அன்று, லாரியிலிருந்து சாமான் இறங்குவதற்கு முன்பே குழி தோண்டி அவனை நட்டுவிட்டுத்தான் அம்மாள் உள்ளே காலெடுத்து வைத்தார். "இவன் மட்டும் பர்மனன்ட்" என்று அப்போதே சொல்லிவிட்டார். இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காய்த்து, அணில்களுக்குப் போட்டதுபோக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கும் அளவுக்கு ஆகியிருந்தான்.

ஒரு நாள் குளியலறையில் விட்ட தண்ணீர் இறங்காமல் கணுக்கால்வரை நின்றது. பிளம்பர் வந்து, நீளமான கம்பியை உள்ளே விட்டு ஆட்டி, சடைபோல் ஒரு கொத்து வேரை வெளியே இழுத்துப் போட்டார்.

"அக்கா, உங்க கொய்யா பைப்புக்குள்ள குடி வந்திருக்கு. பைப்பு பூரா நொறுங்கிப் போச்சு. இது மரத்துக்கு நேர் அடியில போகுது. மரத்த வெட்டினாத்தான் தோண்டி வேற போட முடியும்."

அம்மாள் குனிந்து அந்த வேர்க்கொத்தைக் கையில் எடுத்தார்.

"வெட்ட வேணாம். பேத்து வேற இடத்துல வெச்சுடறேன்."

"இது ரோஜாச் செடி இல்லக்கா. இவ்வளவு பெரிய மரம் பொழைக்காது" என்றார் பிளம்பர், பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

அது அம்மாளுக்கும் தெரியாததல்ல. அவர் கையால் இடம் மாறிப் பிழைத்த செடிகளை ஊரே அறியும். மாறிய இடத்தில் பட்டுப்போனவற்றைப் பற்றி அவர் மூச்சு விடுவதில்லை. அந்தப் பட்டியலில் இவனும் சேர்ந்துவிட்டால்? ஒரே ஒருவனைத்தான் இருந்த இடத்தில் இருக்க விட்டார். இப்போது அவனையும் தன் கையாலேயே பெயர்க்கவேண்டும்.

எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. ஒரு பக்கம் குழாய், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மீதி இடத்தில் மதில். வேர் கால் நீட்டிப் படுக்க ஒரே இடம்தான் இருந்தது: புல்தரையின் நட்டநடு. அதைக் கேட்க அம்மாளுக்கு வாய் வரவில்லை. அன்று மாலை முழுவதும் செங்கல் வரிசையின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்.

சன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர், மண்வெட்டியோடு வெளியே வந்தார். நேராகப் புல்தரையின் நடுவுக்குப் போனார். வட்டமாக வெட்டி, தான் வளர்த்த புல்லைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம் அகலமா வேணுங்க" என்றார் அம்மாள்.

"எனக்கு வாய்ச்ச ஆபீசர்!" என்று முனகிக்கொண்டே அவர் இன்னும் அகலமாக வெட்டினார். அன்று இரவு அம்மாள் அவருடைய தட்டில் கூடுதலாகப் பரிமாறினார்.

ஒரேயடியாகப் பெயர்த்தால் மரம் அதிர்ந்துபோகும் என்பதால், முதலில் ஒரு பக்கத்து வேரை மட்டும் வெட்டிப் புதுமண் போட்டு மூடினார். சில வாரம் கழித்து மறுபக்கம். அதுவரை வீட்டில் குளிப்பவர் ஒரு பெரிய டப்புக்குள் நின்று குளிக்கவேண்டும், அந்த அழுக்குத் தண்ணீரைக் கணவர் தூக்கிப்போய் வெளியே ஊற்றவேண்டும். "நான் இத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன். மரத்துக்காக பைப்பு காத்திருந்து இப்பத்தான் பாக்கறேன்" என்றார் பிளம்பர். கடைசியில் கிளைகளைக் கழித்து, வேர்ப்பந்தைச் சாக்கில் சுற்றி, கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவின் மேல் சாய்த்து, பிளம்பரையும் சேர்த்து மூன்று பேருமாக இழுத்தார்கள். பழைய இடத்தில் மரத்துக்குக் காலை வெயில் பட்ட பக்கத்தில் அம்மாள் ஏற்கெனவே அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். புதுக் குழியிலும் அந்தப் பக்கம் காலை வெயிலையே பார்த்து நின்றது.

புதுக் குழாய் போட்டாயிற்று. "வந்து பாருங்கக்கா, தண்ணி என்னமா ஓடுது!" என்று பிளம்பர் உள்ளேயிருந்து கூவினார். அம்மாள் போகவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

மிச்சமிருந்த இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பச்சைப் புல்லின் நடுவே ஒரு மொட்டைக் கட்டை நின்றது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க அம்மாளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வலது கட்டைவிரல் நகத்தால் பட்டையில் துளி கீறிப் பார்ப்பார். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. முதலில் காலையில் மட்டும் கீறினார். பிறகு வேலைக்குப் புறப்படும்போது, வந்தவுடன், விளக்குப் போடும் நேரத்தில்.

"நீ கீறியே கொன்னுடுவ. தூங்கற பேஷன்ட்ட எழுப்பி எழுப்பி, தூங்கறியான்னு கேக்கற மாதிரி இருக்கு" என்று கணவர் கத்தினார்.

அந்த நாட்களில் வேறு எந்தச் செடிக்கும் மாற்றல் வரவில்லை. செவ்வந்தி, ரோஜா எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மருத்துவமனையிலும் வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து டாக்டர் பயந்துபோய், "உடம்பு ஏதாவது சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

ஒரு காலை, கிளையில் கீறிய இடத்தில் பச்சைக்குப் பதில் பழுப்பு தெரிந்தது. கொஞ்சம் கீழே கீறினார். அங்கேயும் பழுப்பு. அதற்கும் கீழே, அடிமரத்தில் கீறிப் பார்க்கக் கை வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கமே போவதை நிறுத்திக்கொண்டார். பல் துலக்குவதும் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

அடுத்த ஞாயிறு கணவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. அடுக்களையில் இருந்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளேடு அடிமரத்தில் பட்டுவிட்டது என்றே நினைத்து, ஈரக் கையோடு ஓடிவந்தார்.

கணவர் மரத்தடியில் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ப்ரூப் பார்ப்பதுபோலப் பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. மெதுவா வா."

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டை வெடித்து, தீக்குச்சி முனை அளவுக்குச் செம்பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. பின்பக்கம் இன்னும் இரண்டு. அவற்றில் ஒன்று இலையே விரித்திருந்தது.

"நிஜமாவாங்க?"

"ரெண்டு தடவ சரி பாத்துட்டேன். பிழை இல்ல."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அம்மாளுக்கு. இத்தனை வாரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்பதே, அது இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். "திருட்டுப் பயலே, உசிர காலடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு எங்களப் படுத்தி எடுத்துட்டியே" என்று மரத்தைத் திட்டினார். கணவரும் ஒரு பெருமூச்சு விட்டார். "தெனமும் நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நானும் வந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பிளம்பருக்குப் போன் போட்டுச் சொன்னதும், "அப்பாடா! உங்க வீட்டுத் தெரு வழியா வரவே பயமா இருந்துச்சுக்கா" என்று அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது.

போனை வைத்துவிட்டு அம்மாள் அங்கேயே புல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கணவர் தடுக்கவில்லை.

"ஏங்க, அந்த நெயில் கட்டர எங்க வெச்சீங்க?"

அவர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அம்மாள் வலது கட்டைவிரலை வெளிச்சத்தில் நீட்டி, பட்டைச் சாறு ஏறிக் கறுத்திருந்த அந்த நகத்தைச் சதையை ஒட்ட நறுக்கினார்.