மாமா திட்டிய நாள்

என் மாமாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தேங்காய் லோடு ஏற்றும் இடத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் பக்கத்துத் தோப்பிலிருந்து பதில் வரும். அப்படிப்பட்டவரைத்தான் அம்மா கல்லூரிக்கு அனுப்பினாள்.

எல்லாம் பின்னறை அக்காவுக்காக. அக்கா குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயது முடிந்தால் அங்கே இருக்க முடியாதாம். இல்லத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், மலையாள நாட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். வந்து பல மாதமாகியும், கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். என்னை நாள் முழுக்க வைகிற அம்மா அவளிடம் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா நிறைய நாள் வகுப்புக்குப் போகவில்லை என்பது கல்லூரியிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யாராவது வந்து பேசாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வர்றதுக்கு எனக்கு யாருமில்லீங்கம்மா" என்றாள் அக்கா.

அப்பாவுக்குக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அம்மாவுக்கு மலையாளத்தில் பேசப் பயம். மிச்சமிருந்தது மாமா. "அண்ணா, நீங்க போயி சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதுமுங்க. வாயைத் தொறந்துராதீங்க" என்று அம்மா சொன்னாள். மாமா கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையாட்டினார். டீக்கடையில் சுடச்சுடப் பழம்பொரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

கூட்டத்தில் டீச்சர் எழுந்து, இந்தப் பெண் மத்தியானமானால் பேக்கரி வேலைக்குப் போய்விடுகிறாள் என்றார். அவ்வளவுதான். மாமா எழுந்து அக்கா பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏன் அம்மிணி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? படிக்கற புள்ளைக்குப் பேக்கரியில என்ன வேலை? செலவுக்கு வேணும்னா ஊட்டுல வாயத் தொறந்து கேக்கறதுக்கென்ன? நாங்கெல்லாம் எதுக்கு இருக்கறோம், மண்ணா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அக்கா துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா நிறுத்துவதாக இல்லை. கடைசியில் அந்த டீச்சரே ஓடி வந்து, "போட்டே சேட்டா, குட்டியல்லே" என்று, சின்னப் பெண்தானே விட்டுவிடுங்கள் என அவளுக்காகக் கெஞ்ச வேண்டியதாயிற்று. இனி ஒழுங்காக வந்தால் பரீட்சை எழுதலாம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் நான் மாமாவை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். வீட்டில் அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஊரார் பெண்ணை நாலு பேர் முன்னால் அழ வைத்துவிட்டோமே என்று மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாவமாக இருந்தது.

நான் பின்னறைக்கு அக்காவைச் சமாதானப்படுத்தப் போனேன். அவள் இல்லத்துச் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க மாமா என்னைய எல்லார்த்து முன்னாலயும் திட்டிப்போட்டாருடி!" சிரிப்பும் மூக்குறிஞ்சலுமாகச் சொன்னாள். வைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். பிறகு அடுக்களைக்குப் போய், யாரையும் கேட்காமல் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

திட்டு வாங்கியதை யாராவது இப்படி ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடுவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். எனக்குத்தான் அது தினமும் கிடைத்துக்கொண்டிருந்ததே.