யாரும் குக்கரு வெக்காதீங்க!

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. இடம், திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையை ஒட்டிய எங்கள் தெரு. அன்று முற்பகலில் நான் எங்கள் படுக்கையறையில் பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, தொங்கிய புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முகத்துக்கு நேரே மைக். முதுகில் ஒரு தடித்த ரஜாய்ப் போர்வை. மின்விசிறியின் இரைச்சல் பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்தியிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் குரல் பதிவு செய்யும் எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். துணி எதிரொலியைக் குடித்துவிடும். பட்டுப் புடவையைவிட நூல் புடவை நன்றாகக் குடிக்கும் என்பதுவரை நான் சோதித்து வைத்திருந்தேன்.

அதற்கு முன் பல வருடங்கள் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் பாட்காஸ்ட் கேட்பேன். கேட்டுக் கேட்டு, இதை நானும் செய்ய முடியும் என்று தோன்றியது. ஒலியை வெட்டவும் ஒட்டவும் இணையத்தில் பார்த்துக் கற்றேன். ஒழுங்காகப் பெயர் எழுதி அடுக்கிவைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அது இந்த வேலைக்கு மிகவும் உதவியது. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் தேடியதில்லை. கை பழகியதும் வேலையை விட்டேன்.

மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருடம் முயற்சி செய்யலாம். அமையாவிட்டால் பழைய நாற்காலிக்குத் திரும்பிவிட வேண்டும். என் பழைய முதலாளி ஆடி முடியும்வரை அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு முதுகு வலித்தது.

அந்த ஒரு வருடத்தின் கடைசி வாய்ப்புதான் அன்று என் கையில் இருந்தது. ஒரு பாட்காஸ்ட் நிறுவனம் என்னிடம் மாதிரி நிகழ்ச்சி ஒன்று கேட்டிருந்தது. பிடித்தால் முழுத் தொடரும் எனக்கு. நான் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவில் இருக்கும் இட்லிக்கார அக்காவின் கதை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் சாலையில் வரிசைகட்டி நிற்கும். அந்த ஓட்டுநர்களுக்குக் கூடையில் இட்லி கொண்டுபோய் விற்பவர் அவர். அவருடைய பேச்சு நிறுவனத்தாருக்குப் பிடித்திருந்தது. இடையிடையே வரும் என் வருணனையில் மட்டும் தெருச் சத்தம் கேட்கிறது, அதைச் சுத்தமாகத் திரும்பப் பதிவுசெய்து ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள் என்றார்கள். மறுநாள் காலையில் முடிவெடுக்கிறார்களாம்.

அந்த ஞாயிறுதான் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள்.

விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒன்று எங்கள் மொட்டைமாடியைப் பார்த்தபடி இருந்தது. காலை முதல் அம்மன் பாட்டு. பீரோ என்ன, பாதாளத்துக்குள் போய் நின்றாலும் கேட்கும். தெரிந்த இரண்டு ஸ்டுடியோக்களுக்கும் போன் செய்தேன். ஞாயிறு விடுமுறை. வேறு வழியில்லாமல் ரஜாயைக் கழற்றிப் போட்டுவிட்டு விழாக் குழுத் தலைவரைத் தேடிப் போனேன். அவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் வேட்டியுடன் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாக்கா, ஆடி மாசத்துல அம்மனையே கம்முனு கெடன்னு சொல்றியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அரை மணி நேரம் போதும்ணே. என் பொழப்பு இதுல இருக்கு."

"யாரப் பத்தி பேசிக்கினு கீற?"

இட்லிக்கார அக்காவைப் பற்றி என்றதும் அவர் முகம் மாறியது. "அத்த மொதல்லயே சொல்ல வேணாமா? கூழு ஊத்தி முடிச்சதும் தெர போட்டு அலங்காரம் பண்ணுவாங்கோ. அப்ப ஆஃப் பண்றேன். ஆனா ஒண்ணு. சாயங்காலம் எங்களுக்கு போட்டுக் காட்டணும். நம்ம ஸ்பீக்கர்லயே."

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். என் வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சொன்னபடியே கூழ் ஊற்றி முடிந்ததும் பாட்டு நின்றது. நான் பீரோவுக்குள் தலையை விட்டு, பதிவைத் தொடங்கி, மூச்சை இழுத்தேன். அதற்குள் ஸ்பீக்கர் முழங்கியது.

"தெருமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள்! நம்ம பச்ச கேட்டு வூட்டு அக்கா ரேடியோவுக்கு பேசிக்கினு கீது. யாரும் குக்கரு வெக்காதீங்க! பைக்க தள்ளிக்கினு போங்க! நாய இஸ்து உள்ள கட்டுங்க!"

சரி, ஒரு தடவைதானே என்று பொறுத்துக்கொண்டேன். முதல் வரியைப் படித்தேன். மறுபடியும் முழங்கியது.

"ஏய், யார்ர்ரா அவன் ஆட்டோவுல? ஆர்ன் அடிக்காத! அக்கா பேசுதுன்னு எத்தினி தபா சொல்றது!"

அமைதியாக இருங்கள் என்று அத்தனை ஸ்பீக்கரிலும் கத்திக்கொண்டிருந்தார் மனிதர். மூன்றாவது முறை நான் பால்கனிக்கு ஓடி, கையெடுத்துக் கும்பிட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். கீழே நின்ற அவர், "ஓ, நான்தான் கத்தறனா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு அதை அணைத்தார்.

பிறகு வந்தது அமைதி. பல வருடங்கள் அந்தத் தெருவில் குடியிருந்தும் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஒரு காகம். எங்கோ கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம். அதற்கும் அடியில், பகலில் ஒருபோதும் காதில் விழாத கடல். கீழே எட்டிப் பார்த்தேன். பெண்கள் பாத்திரங்களைக் கையில் பிடித்தபடி, கீழே வைத்தால் சத்தம் வருமே என்று அப்படியே நின்றிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, பீரோவுக்குத் திரும்பி, நான்கு பக்கத்தையும் பிழையில்லாமல் படித்து முடித்தேன். அதுவரை நான் செய்த பதிவுகளிலேயே சிறந்தது அதுதான்.

பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து கோத்தேன். உருக்கமான இடங்களில் மெல்லிய வயலின் சேர்த்தேன். வெயில் தாழ்ந்ததும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் கணவர் உட்படத் தெருவே உட்கார்ந்திருந்தது. இட்லிக்கார அக்கா முன்வரிசையில், தலையில் பூ வைத்துக்கொண்டு.

என் முன்னுரை தொடங்கியது. நல்ல தமிழ், நிறுத்தி நிதானமாக. சற்று நேரத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ யாரிடமோ தீப்பெட்டி கேட்டார். பிறகு அக்காவின் குரல் வந்தது. "நம்ம லாரிக்காரனுங்கோ கீறானுங்களே..." அவ்வளவுதான், கூட்டம் கப்சிப். மறுபடியும் என் குரல், மறுபடியும் சலசலப்பு. அக்காவின் குரல், அமைதி. சுவிட்ச் போட்டது போல அது மாறி மாறி நடந்தது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நிகழ்ச்சியின் உயிரான இடம் வந்தது. வரிசையில் மாட்டிக்கொண்டு நின்ற வடநாட்டு ஓட்டுநர் ஒருவருக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்ததாகப் போன் வருகிறது. லாரியை விட்டுப் போகவும் முடியாது, முன்னே நகரவும் முடியாது. அவர் டீ போட வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாக ஏறி, ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாததால் அக்காவும் கூடையோடு கூடவே போய், "பொண்ணு பொறந்துகீதுப்பா, வாயத் தொற" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். இதைச் சொல்லி முடித்து அக்கா ஸ்பீக்கரில் சிரித்தார். தெருவும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே என் வயலின் எழுந்தது. "பெற்ற மகளின் முகம் காண இயலாத ஒரு தந்தையின் ஏக்கம்..." என்று என் குரல் தொடங்கியது.

முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டார்.

"யம்மா, நிறுத்து நிறுத்து. அத்ததான் நான் சொல்லிட்டேனே. நீ இன்னாத்துக்கு தபால்காரம்மா மாதிரி குறுக்க வந்து திரும்ப சொல்ற?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா சிரிச்சிக்கினு சொல்லுது. இந்தம்மா பிடிலு வாசிச்சு சாவு வூடா ஆக்கிடுச்சு!"

தெரு குலுங்கிச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. விழாக் குழுத் தலைவர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வாய்ஸு சோக்கா கீதுக்கா. கம்மியா பேசு, அவ்ளோதான்" என்றார்.

மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர்களுக்கு என்ன தெரியும் என்று கோபம்தான் முதலில் வந்தது. இது ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டிய நிகழ்ச்சி, தெருவில் போட்டது தப்பு என்று கணவரிடம் பொரிந்தேன். அவர் இரவு ஷிப்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ பேசுறப்ப நானும் தீப்பெட்டி கேட்டவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். வீட்டுக்குள்ளேயே ஓட்டு எனக்கு எதிராக விழுந்துவிட்டது.

மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் என் குரல் பச்சைப் பட்டையாகவும் அக்காவின் குரல் நீலப் பட்டையாகவும் தெரியும்; நான் எப்போதும் அப்படித்தான் நிறம் பிரித்து வைப்பேன். அக்காவைப் பற்றிய நிகழ்ச்சியில் பச்சைதான் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் அதே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

ஒரு பச்சைத் துண்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். இன்னும் நன்றாக இருந்தது. வயலினை முழுவதுமாக நீக்கினேன். ஆனால் என் பேச்சை எடுத்த இடங்களில், அக்காவின் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒலி வெட்டுப்பட்டது போல் தெறித்தது. அங்கே ஏதாவது வேண்டும். பேச்சு வேண்டாம், மூச்சு விடுவது போல ஒன்று வேண்டும். அப்போதுதான் மதியம் செய்த பதிவின் முழு நீளமும் நினைவுக்கு வந்தது. நான் படிக்காத நேரத்திலும் மைக் ஓடிக்கொண்டிருந்ததே! அந்தக் காகமும் கூட்ஸ் வண்டியும் அடியில் கிடந்த கடலும் எல்லாம் இருந்தன. இடைவெளிகளில் அந்த அமைதியை வைத்தேன். தையல் தெரியாமல் சேர்ந்துகொண்டது.

தொடக்கத்துக்கும் ஒன்று அங்கேயே கிடைத்தது. கோயிலுக்கு ஓடிப்போய் விழாக் குழுத் தலைவரிடம், நீங்கள் மதியம் ஸ்பீக்கரில் பேசியதைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போடுக்கா. முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் சத்தமா பேசியிருப்பனே!"

இட்லிக்கார அக்காவிடமும் புது வடிவத்தைக் காட்டினேன். காதில் மாட்டிக் கேட்டவர், சர்க்கரை இடத்தில் தன் சிரிப்புக்குத் தானே சிரித்தார். பிறகு, "இப்பதான் நான் பேசற மாதிரி கீது" என்று எழுந்து இட்லிக்கு மாவு அரைக்கப் போனார்.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கை தயங்கியது உண்மை. அவர்கள் கேட்டது சுத்தமான வருணனை. நான் அனுப்பப்போவதில் வருணனையே அநேகமாக இல்லை. கேட்டதைக் கொடுக்காதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பழைய நாற்காலி ஒரு கணம் கண்முன் வந்துபோனது. ஆனால் இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு மற்றதை அனுப்ப மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். நாங்கள் கேட்டதை நீங்கள் செய்யவில்லையே என்றுதான் ஆரம்பித்தார். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "அந்தக் குக்கர் ஆள் யாருங்க? ஆபீஸ்ல எல்லாரும் அவரைப் போலவே பேசிக்கிட்டிருக்காங்க" என்றார். தொடர் எனக்குக் கிடைத்தது. நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி முதலாளிக்குச் சொன்னேன்.

இன்று இது என் முழுநேரத் தொழில். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்து, சுவருக்குப் பஞ்சு வைத்து, ஸ்டுடியோ என்று பலகையும் மாட்டியிருக்கிறேன். பிறருடைய நிகழ்ச்சிகளையும் வெட்டிக் கோத்துக் கொடுக்கிறேன். பீரோவுக்குள் இப்போது புடவைகள் மட்டும்தான். ஆனால் நான் செய்யும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இரண்டு குரல்களுக்கு நடுவில் எங்காவது ஓரிடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் அமைதி கொஞ்சம் இருக்கும். கேட்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. என் குரலைப் பதிவு செய்வதற்காக என் தெரு எனக்கு அரை மணி நேரம் வாயை மூடிக்கொடுத்தது. அதில் என் குரலை எடுத்துவிட்டு, அவர்கள் தந்த அமைதியை மட்டும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.