இரண்டாவது தொட்டில்

என் அக்காவின் கணவருக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கை சும்மா இருக்காது. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பதினான்கு வருட வேலை. அடுத்தவர் வீட்டுப் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் மாடிப்படி வளைவில் கீறல் விழாமல் இறக்கிக் கொடுத்துவிட்டு வருவார். வந்த கையோடு எங்கள் வீட்டு சோபாவை நகர்த்துவார். தங்கை நானும் அவர்களோடுதான் இருந்தேன்.

"அத்தான், நேத்து இருந்த இடத்துலயே சோபா இருக்கும்னு நம்பி உட்காந்தேன். தரையிலதான் உட்காந்தேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"வாயை மட்டும் தொறந்து வெச்சா போதாது. கண்ணையும் தொறந்து வெச்சுக்கணும்" என்றார். அவரோடு மல்லுக்கட்டாமல் எனக்குப் பொழுது போகாது.

அக்கா வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். இரண்டு மரத் தொட்டில்கள் வாங்கி, பலகைகளைத் தானே பூட்டி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டார். நடுவில் அக்கா உட்கார ஒரு நாற்காலி. உட்கார்ந்தபடியே இரண்டு தொட்டிலும் கைக்கு எட்ட வேண்டுமாம். அதற்காக அவளை உட்கார வைத்து நாற்காலியை ஆறு தடவை தள்ளித் தள்ளிப் போட்டார்.

"போதும்ங்க. இன்னொரு தடவை நகர்த்தினா இங்கேயே பெத்துடுவேன்" என்றாள் அக்கா.

எட்டாம் மாதமே வலி கண்டது. பெண் பிழைத்தாள். பையன் அரை நாள்தான் இருந்தான். ரத்தப்போக்கு நிற்காமல் அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். அவள் கண் விழிக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் அவனை அடக்கம் செய்தாகிவிட்டது. அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. செய்தியை நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை, பெண் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

அக்காவும் பெண்ணும் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் காலையில், அத்தான் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"ஒரு தொட்டிலை எடுத்துடலாம். பாத்தா அவ தாங்க மாட்டா."

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"இதைப் போய் எப்படிக் கேக்கறது?"

எனக்கும் தெரியவில்லை. தொட்டிலைக் கழற்றி மாடி அறையில் போட்டார். இருந்த இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. பீரோவைக் கொண்டு வந்து நிறுத்தினோம். எதையோ மறைக்கத்தான் பீரோ நிற்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"ஒரு சாமானை எடுத்தா, மத்த எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தணும். இடைவெளியைப் பிரிச்சுக் குடுத்துட்டா கண்ணுக்குத் தெரியாது" என்றார். அவருடைய தொழிலில் அப்படித்தான் செய்வார்களாம்.

மிச்சமிருந்த தொட்டிலை நடுவுக்குத் தள்ளினோம். நாற்காலி சுவரோரம் போனது, பீரோ ஒன்றரை அடி நகர்ந்தது. மதியத்துக்குள், அந்த அறையில் என்றைக்குமே ஒரு குழந்தைக்குத்தான் இடம் இருந்தது என்று ஆக்கிவிட்டார். அவ்வளவு கச்சிதம்.

மறுநாள் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா நேராகப் பின்னறைக்குத்தான் போனாள்.

"அவனோடது எங்க?"

"மாடியில வெச்சிருக்கேன்மா. நீ கஷ்டப்படுவியேன்னு..."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில என்னைக் கேக்காமதான் அவனைக் கொண்டு போனீங்க. சரி, அப்ப எனக்கு நினைவில்ல. நேத்து நினைவு இருந்துச்சே? ஃபோன் இருந்துச்சே?" என்னிடம் திரும்பினாள். "நீயும் கூட நின்னியாடி?"

நின்றேன் என்று தலையாட்டினேன்.

அத்தான் மாடிக்கு ஓடினார். பலகை பலகையாகக் கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று பக்கப் பலகையைத் தலைகீழாக மாட்டினார், கழற்றினார், திரும்பவும் தலைகீழாகவே மாட்டினார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவன் எப்படி இருந்தான்?"

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. இத்தனை நாளில் அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

"நெத்தி அப்படியே உன்னுது. தலை நெறைய முடி. விரலைக் குடுத்தேன், பிடிச்சுக்கிட்டான்."

"அழுதானா?"

"வாயைத் தொறந்தான். சத்தம் வரல."

"உங்ககிட்ட குடுத்தாங்களா?"

"கடைசியில ஒரு மணி நேரம் குடுத்தாங்க. நான்தான் வெச்சிருந்தேன்."

அக்கா பெண்ணை என் கையில் கொடுத்தாள். மெல்லக் குனிந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கையில?"

அவர் இடது கையை நீட்டினார். அவள் அதை வாங்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாகத் தடவினாள். பிறகு அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். பிள்ளை போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, அன்றைக்குத்தான் என் அக்கா அழுதாள்.