அப்பாவுக்கு நெறி கட்டிய வாரம்

நோய் எதிர்ப்பாற்றல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கல்லூரிப் பேருந்தில் பக்கத்து இருக்கைத் தோழியின் தாடைக்கு அடியில் அழுத்திப் பார்ப்பேன்.

"கழுத்தை நெரிச்சுக் கொல்லப் போறியாடி?"

"சும்மா இருடி. பல்வலின்னு சொன்னேல்ல? உன் நிணநீர்க் கணு வீங்கியிருக்கும். இந்தா, சிக்கிருச்சு!"

அவளுக்குப் பல்வலி, எனக்குத் திருவிழா. இரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு குழாய் வலையும் உடம்பெங்கும் ஓடுகிறது என்பதை இத்தனை வருடம் யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. செல்களுக்கு இடையில் கசிந்து நிற்கும் நீரை அது வாரிக்கொண்டு போய், வழியிலுள்ள கணுக்களில் வடிகட்டி, கழுத்தடியில் மறுபடி இரத்தத்தோடு சேர்க்கிறது. அதைத் தள்ளிவிட இதயம் கிடையாது. நாம் நடந்தால், கை காலை அசைத்தால்தான் அது நன்றாக நகரும்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னேன். அப்பா குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் சந்தையிலும் மல்லிகை மூட்டைகளை ஏற்றித் திண்டுக்கல்லில் இறக்குவது அவர் வேலை.

"நான் நாள் பூரா வண்டியில உக்காந்தே கெடக்கேனே, அப்ப எனக்கு ஓடாதா?" என்றார்.

"கிளட்ச்சை மிதிக்கிறீங்கள்ல, அது போதும்."

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் நடத்தை சரியில்லை; அதாவது, அளவுக்கு மீறிச் சரியாக இருந்தது. அம்மாவை உட்கார வைத்து, போனில் கரண்ட் பில் கட்டவும் கேஸ் பதிவு செய்யவும் சொல்லிக் கொடுத்தார். நான் எந்நேரமும் மொபைலும் கையுமாக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் தம்பிக்கு அவராகவே போன் செய்தார். ஆத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்த மாமாவோடு அப்பாவுக்கு வருடக்கணக்கில் பேச்சில்லை. ஒரு காதுகுத்து விருந்தில், "மச்சான் வண்டியில மொட்டா ஏத்துனா, எறக்குறப்ப பூத்துச் சிரிக்கும்" என்று மாமா பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னதுதான் காரணம். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே கைமாற வேண்டும்; வண்டி தாமதித்தால் பூத்து விலை போகாது. பூவண்டி ஓட்டுகிறவரை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது.

அம்மாவை மடக்கினேன்.

"அப்பாவுக்குக் கட்டி வந்திருக்குடி. போன்ல ஏதோ வீடியோ பாத்திருக்காரு. புத்துநோய்தான்னு அவரே முடிவு கட்டிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறாரு."

"எங்க கட்டி?"

அம்மா செத்த நேரம் சுவரைப் பார்த்தாள். "கக்கத்துல."

சொன்னால் வெட்கம், எனக்குப் பயத்துக்கு முன்னால் உற்சாகம்தான் வந்தது. கையில் எங்காவது காயம் பட்டுக் கிருமி நுழைந்தால், கக்கத்தில் இருக்கிற கணு வீங்கும். ஆக, கையைத் தேடினால் காயம் கிடைக்கும், அவ்வளவுதானே! அப்பாவின் கைகளை டியூப்லைட்டுக்குக் கீழே இழுத்து வைத்து, நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மல்லிகை வாசம் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"கக்கத்தைக் காட்டுங்கப்பா."

"போத்தா, கூசும்."

"அமுக்குனா வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் வலிக்கல," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

என் உற்சாகம் அங்கேதான் செத்தது. காயம் இல்லை, வலி இல்லை, கட்டி மட்டும் இருக்கிறது. காரணம் தெரியாத, வலிக்காத கட்டியை அலட்சியம் செய்யவே கூடாது என்று அதே பாடத்தில்தான் படித்திருந்தேன். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றேன். "முகூர்த்தம் முடியட்டும்," என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, மாமா ஒரு குலை இளநீரோடு பைக்கில் வந்து இறங்கினார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மச்சான், இப்ப எப்புடி இருக்கு? தொடை இடுக்குல வீங்கி, நடந்தா உசுரு போகுதுன்னு போன்ல அழுதீகளே?"

"தொடை இடுக்கா?" என்றேன். "கக்கத்துலன்னு சொன்னாங்க!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வயசுப் புள்ளகிட்ட அந்த எடத்தை எப்புடிடி சொல்றது? அவருதான் கக்கம்னு சொல்லிருன்னாரு."

அப்பா ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இளநீர்க் குலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தென்னை மரத்துல தேள் கொட்டி, பனை மரத்துல நெறி கட்டுச்சாம். நீங்க பனை மரத்தையே பேத்து வேற எடத்துல நட்டுட்டீகளே மச்சான்!"

நெறி! சம்பந்தமில்லாத பேச்சைக் கேலி செய்யத்தான் இந்தப் பழமொழியைச் சொல்வார்கள். ஆனால் உடம்பில் நடப்பது அச்சு அசலாக அதுதான்: கொட்டுவது ஓரிடம், வீங்குவது வேறிடம். ஊரெல்லாம் நெறி என்பதும் என் புத்தகம் நிணநீர்க் கணு என்பதும் ஒன்றேதான் என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை.

தொடை இடுக்கு என்றால், தேட வேண்டியது காலை!

"காலை நீட்டுங்கப்பா!"

வலது குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் சிவப்பு. விரல் பட்டதும், "ஆத்தாடி!" என்று துள்ளினார்.

"முள்ளுத்தா. பூக்காட்டுக்குள்ள செருப்புப் போட்டா போக முடியும்? இம்புட்டூண்டு முள்ளு. அப்பவே புடுங்கிட்டேன்."

"பாதியைத்தான் புடுங்கியிருக்கீங்க!"

தரையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் சொன்னேன். "முள்ளோட கிருமி உள்ள போச்சா, அங்க காவலுக்கு இருக்கிற செல்லு அதுல ஒரு துண்டைப் பிச்சுக்கிட்டு, நிணநீரோட தொடை இடுக்குக்கு ஏறும். அங்க கணுவுக்குள்ள வெள்ளையணு கூட்டம் கூட்டமா சுத்திக்கிட்டிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம்தான் தெரியும். இந்தத் துண்டை எது அடையாளம் கண்டுக்குதோ, அது ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி..."

"நிலக்கோட்டைச் சந்தை மாதிரி," என்றார் அப்பா திடீரென்று. "முகூர்த்தத்துக்கு மொத நாளு வண்டியே உள்ள நொழையாது. கூட்டம் ரோடு வரைக்கும் வீங்கிக்கிட்டு நிக்கும்."

"அதேதான்ப்பா! அந்தக் கூட்டம்தான் இந்த வீக்கம்."

"அப்ப எனக்குள்ள முகூர்த்தம் நடக்குதுங்குற," என்றார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் பல் தெரிந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. மாமா அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொள்ள, நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். டாக்டரம்மா என்னை வெளியே நிறுத்திவிட்டுப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "வலிக்குதா?" என்ற கேள்வியும், "உசுரு போகுதும்மா!" என்ற பதிலும் கேட்டன. எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கடிக்கவும் தோன்றியது.

மிச்ச முள் வெளியே வந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். "முள்ளாலதான் நெறி கட்டியிருக்கு. ரெண்டு மூணு வாரத்துல வத்திரும். வத்தலைன்னாலும் பெருசானாலும் கண்டிப்பா வந்து காட்டணும். வீடியோகிட்ட காட்டக் கூடாது."

வெளியே வந்த அப்பா, கவலை குறைந்த முகத்தோடு நொண்டி நொண்டி நடந்தார். மாமாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"போயும் போயும் ஒரு முள்ளுக்காகவா ஒங்கிட்ட பேசுனேன் மாப்ள?"

"போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியுமா மச்சான்? பேசுனது பேசுனதுதான்."

அதற்குப் பிறகும் அப்பா என்னிடம் நேராக எதுவும் சொல்வதில்லை. தினமும் காலையில் கட்டியின் அளவு மட்டும் அம்மா வழியாக எனக்கு வந்துவிடும். "இன்னைக்குப் புளியங்கொட்டை அளவாம்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அடுத்த சில நாளில் அது சுண்டைக்காய் ஆனது. அப்புறம் மிளகு. நான் பல் துலக்கிக்கொண்டே, "நல்லது, நல்லது" என்பேன்.

ஒரு காலை, தாளிக்கும் சத்தத்துக்கு மேலே அம்மாவின் சிரிப்பு கேட்டது.

"ஏய், காணோமாம்டி! தேடணுமான்னு கேக்குறாரு."