குடிக்காதவளின் ஈரல்

டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று பார்க்கத்தான் போனேன். கல் இல்லை, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். பசையைத் துடைக்கக் கொடுத்த தாளை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஈரல் கெட்டுவிட்டது என்றால் கசிப்புச் சாராயம் குடித்துக் கெட்டது என்றுதான் அர்த்தம். வேறு விதமாகவும் கெடும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. எனக்குத் துணையாக வந்த, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தாள். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் பஸ் ஏறும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

"போத்தல எங்கக்கா ஒளிச்சு வச்சிருக்கீங்க? அரிசி மூட்டைக்குள்ளயா?"

"சும்மா இரு."

"இந்த வாயில்லாப் பூச்சியா இப்படின்னு லயமே வாயப் பொளக்கப் போவுது. எனக்கும் ஒரு மூடி ஊத்துங்கக்கா."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். பலாங்கொடையிலிருந்து பஸ் மேலே ஏறி முடியும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டில் அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். சம்பள நாளில் அவரைக் கான் வாய்க்காலுக்குள்ளிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். பிறகு ஒரு திருவிழாவில், இனித் தொடமாட்டேன் என்று தோட்டத்து மாரியம்மன் முன்னால் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார். எங்கள் கோயிலில் அந்தக் காப்புக்கு ஒரு வருஷம்தான் கணக்கு. அடுத்த திருவிழாவில் பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சத்தியம் முடிந்தது என்று பொருள். அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் அவருக்கும் இதே ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஈரல் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

"குடிச்ச எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "மோந்துகூடப் பாக்காத ஒனக்கு ஈரல் கெட்டுப்போச்சு. அப்ப இந்தக் கயித்தக் கட்டி நான் என்னத்தக் கண்டேன்?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த வருஷம் கட்டமாட்டேன் புள்ள."

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆம்பளைகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். "அண்ணே, ஒங்க எடம் அப்படியேதான் கெடக்கு, வாங்க" என்று பழைய குடிக்கூட்டாளி ஒருவன் சொன்னானாம். திருவிழாவுக்கு அதிக நாள் இல்லை.

அவருக்குப் பதில் என்னிடம் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. டொக்டர் சிங்களப் பிள்ளை, வயது குறைவு. ஸ்கேன் எடுத்த அன்று, குடிப்பீர்களா என்று முதலில் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். மாதக்குளியல் எப்போது நின்றது என்று கேட்டபோது தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். மாதாமாதம் அது வருகிற வயதில் பெண் உடம்பில் ஹோர்மோன் ஒன்று நிறையச் சுரக்குமாம். ஈரலுக்கு வருகிற கொழுப்பை எரிக்கவும் வெளியே அனுப்பவும் அது துணை செய்யும். நின்ற பிறகு அது குறைந்துபோகும். அதே ரொட்டி, அதே சீனி போட்ட வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான் உள்ளே போகும், ஆனால் கொழுப்பு வயிற்றிலும் ஈரலிலும் தங்க ஆரம்பிக்கும். எல்லாருக்கும் அப்படி வராது, வருவதற்குக் குடிக்கவும் வேண்டியதில்லை. மாவையும் சீனியையும் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

நான் கேட்டது ஒரே கேள்வி. குடித்த என் வீட்டுக்காரருக்கு எப்படி நன்றாக இருக்கிறது என்று. "நேரத்தோடு நிறுத்திவிட்டார் அல்லவா, அதனால்தான். திரும்பத் தொட்டால் அப்படி இருக்காது" என்றார்.

இதைச் சொன்னால் அவர் கேட்பார் என்று தெரியும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த விஷயத்துக்கு ஒரு வார்த்தையே கிடையாது. அந்த நாட்களில் அடுப்பங்கரையில் ஒரு சாக்கை விரித்துப் படுப்பேன். அவர் சாக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நின்ற பிறகு நான் சாக்கை விரிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

திருவிழா அன்று கீழே கோயிலில் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் வீட்டில் கட்டும் சாரத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே இருந்தபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஏங்க."

"என்ன?"

"எனக்கு அது நின்னு போச்சுல்ல."

"எது?"

"சாக்கு விரிச்சுப் படுக்கிறது."

நான் நிறுத்தாமல் சொன்னேன். "அது இருக்கிற வரைக்கும் ஈரலுக்குக் காவலாம். நின்னா காவல் கொறஞ்சிருமாம். அதனாலதான் எனக்கு வந்திருக்கு. ஒங்களுக்கு நல்லாருக்கிறது நீங்க குடிய விட்டதாலதான். தொட்டா கெட்டுரும்னு டொக்டர் சொன்னாங்க."

"பொம்பளைங்களுக்கு அப்படியா?"

"ஆமாங்க."

"எப்ப நின்னுச்சு?"

"ரொம்ப வருஷமாச்சு."

"சொல்லவே இல்ல."

"எப்படிச் சொல்றது?"

தப்புச் சத்தம் நின்று மறுபடி எழும்பியது. அவர் எழுந்து உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "வேட்டி எங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

கோயிலில் அவர் கையை நீட்டியதைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். பூசாரி பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டினார். பக்கத்துக் காம்பராக்காரி என் இடுப்பில் இடித்து, "அண்ணன் கட்டமாட்டேன்னாரே, என்னக்கா மருந்து வச்சீங்க?" என்றாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

வழக்கமாக அவர் முன்னால் போய்விடுவார், நான் பின்னால் வருவேன். அன்றைக்கு என்னோடு சேர்ந்தாற்போல் மெதுவாக ஏறினார். மழை பெய்து பாதை சேறாகிக் கிடந்தது. வழுக்காமல் இருக்க நான் காலையே பார்த்து நடந்தேன்.